பதினாலாவது கேள்வியும் முதல் மழையும்

அடியே,

இன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. நேற்று மாலை தூறியதை நான் மழையில் சேர்க்கவில்லை. இது பாத்தியெல்லாம் கரைந்து ஓடுகிற நிஜ மழை. எட்டு மணிக்கு நான் மருந்து ஜன்னலைத் திறந்தபோது, நம் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசை கேட்டைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் போயிருந்தது. திறந்ததும் ஒரு வாடை உள்ளே வந்தது. நனைந்த நைலக்ஸ் புடவை, உப்பளச் சேறு, வலிக்குத் தடவும் தைலம் மூன்றும் கலந்த வாடை. வருஷத்தில் ஒருநாள்தான் அது இவ்வளவு கனமாக வரும். உப்பளத்துக்கு லீவு விட்ட முதல் நாள் அது.

தையில் உப்பளத்தில் இறங்கினால் ஐப்பசி மழை வரைக்கும் நீங்கள் யாரும் வேலைக்கு நிற்காமல் இருப்பதில்லை. நடுவில் ஒருநாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை இறக்கிவிடுவார். அதனால் முதுகு, கண், கால், பல் எது வலித்தாலும் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான்: "மழைக்குப் பாத்துக்கலாம்." உனக்குத் தெரியாததையா சொல்கிறேன் என்று சிரிக்காதே. இருபது வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தும் இது எனக்குத்தான் தெரியாமல் போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீ எப்போதும் மூன்றாவதாக நிற்பாய். முதல் ஆளுக்கு ஊசி போடும்போது நர்ஸம்மாவுக்குக் கை பதமாகியிருக்காது, இரண்டாவது ஆளுக்குள் அவர்களுக்குப் போன் வந்துவிடும், மூணாவதுக்குத்தான் நிதானமாகப் போடுவார்கள் என்பது உன் கண்டுபிடிப்பு. இன்று மூன்றாவதாக ஒரு பெரியவர் நின்றார், பல்வலி. அவர் மேல் எனக்கு ஏன் கோபம் வந்தது என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை நான் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அடுத்த கோடையில் உப்பள கேட்டுக்கு மருத்துவ வேன் திரும்ப வருமா என்பது அதைப் பொறுத்திருக்கிறது. அறிக்கைக்காக உங்களிடம் கேட்டு நிரப்பிய கேள்விப் படிவங்களில் உன்னுடையதுதான் முதலாவது. அதில் பதினாலாவது கட்டம் இன்று காலை வரைக்கும் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதுகலை படிக்கிறேன் என்று பெயர்.

நான் இந்த வயதில் ஏன் படிக்கப் போனேன் என்பதற்கு ஊரில் மூன்று கதை உலவியது. வீட்டுக்காரரோடு சண்டை, அதனால் சனி ஞாயிறு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒன்று. பதவி உயர்வு என்று ஒன்று. என் ஓரகத்தி எம்.ஏ. முடித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று ஒன்று. மூன்றாவதைக் கிளப்பிவிட்டது நீதான், எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

முழு உண்மை என் மருந்து அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் மாத்திரை காலாவதியாகி அட்டை அட்டையாகக் கொட்டுவேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் பத்து மணிக்கே எல்லாம் தீர்ந்துபோகும். "நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாயே அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. மேலே எழுதிக் கேட்டால் வருஷத்துக்கு இவ்வளவு என்றுதான் அனுப்புவார்கள். இதை யாராவது சரியாகப் படித்தால் சரிப்படுத்தலாமே என்று தோன்றியது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சுகாதாரப் பொருளாதாரம் என்று வாரக்கடைசி வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். சேர்ந்துவிட்டேன்.

உன்னிடம் வந்து சொன்னபோது நீ கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"பத்தாவதுல கணக்குல நீ எழுதுனத பாத்துதான் நான் எழுதினேன். ரெண்டு பேரும் பெயிலு. அந்தக் கணக்க வச்சியா ஆஸ்பத்திரிய திருத்தப் போற?"

வகுப்பில் எல்லாம் என் பெண் வயதுப் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் நான்தான் பேராசிரியை என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் கொஞ்ச நேரம் அதை மறுக்கவில்லை. நிஜப் பேராசிரியர் அப்புறம் வந்தார். நேற்றுதான் மீசை முளைத்த மாதிரி இருந்தார். என்னை "மேடம்" என்பார், நான் அவரை "சார்" என்பேன். இருவருக்குமே அது கூச்சம். கைவசம் இருப்பது குறைவு, வேண்டியிருப்பது அதிகம், எதைக் கொடுப்பது எதை விடுவது என்று தெரிந்து முடிவு செய்வதுதான் இந்தப் படிப்பு என்று அவர் தொடங்கினார். ஐப்பசி மாதம் அரை அட்டை மாத்திரையை வைத்துக்கொண்டு நான் ஜன்னலில் செய்வதும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எதுவும் புரியவில்லை. ஒருத்தர் வந்து கேட்டால்தான் அது தேவையில் சேருமாம். கேட்காமல் வலித்தால் அது வெறும் வலி. இதை நான் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். எழுதினேனே தவிர, யோசிக்கவில்லை.

முதல் வருஷக் கடைசியில் ஒரு கட்டுரை கேட்டார்கள். நம் நிலையத்துக்கு மாதாமாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்துப் படம் போட்டேன். கோடையில் கம்பிகள் குட்டையாக, மழையில் நெட்டையாக. ஆக, உப்பளத்து மக்களுக்கு மழைக்காலத்தில்தான் நோய், கோடையில் ஆரோக்கியம். ஆக, கோடையில் வியாழக்கிழமை தோறும் உப்பள கேட்டில் வந்து நிற்கும் மருத்துவ வேன் வீண். ஆக, அதைப் பிரம்மதேசம் பக்கத்து விவசாய ஊர்களுக்குத் திருப்பிவிட்டால் நல்லது. மூன்று ஆக. பேராசிரியர் வகுப்பில் கைதட்டினார். ஊர் தெரிந்தவர் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்றார். கட்டுரையை மேலதிகாரி ஒருவருக்கும் அனுப்பிவைத்தார்.

அதற்கடுத்த வேலைதான் அந்தப் படிவம்.

பங்குனியில் ஒருநாள் பத்து மணி வாக்கில் உப்பளத்துக்கு வந்தேன். விடியுமுன் இறங்கிய நீங்கள் கரையேறி, ஓலைக் கொட்டகையில் தூக்குச்சட்டியைத் திறக்கிற நேரம். கூலிங்கிளாஸ், குடை, கிளிப் அட்டை, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை சகிதமாக நான் வரப்பில் வழுக்கி வழுக்கி வந்ததை நீதான் முதலில் பார்த்தாய். "தோ, கலெக்டரம்மா வர்றாங்க, எழுந்து நில்லுங்கடி" என்றாய். இரண்டு பேர் நிஜமாகவே எழுந்துவிட்டார்கள்.

நாற்பத்திரண்டு கேள்வி. மற்றவர்கள் கூச்சப்பட, "எனக்கு எழுது, நான்தான் வெக்கங்கெட்டவ" என்று நீ முன்னால் வந்து உட்கார்ந்தாய். வயதைக் கேட்டேன். உன் வயதை எழுதிக்கொண்டு அதில் இரண்டு குறைத்துக்கொள் என்றாய். பதிமூன்று வரைக்கும் ஒழுங்காகப் போனது. பதினாலாவதில் மாட்டிக்கொண்டோம். புத்தகத்தில் அந்தக் கேள்வி கல்யாணப் பத்திரிகை மாதிரி மரியாதையாக இருக்கும். உனக்குப் புரியட்டும் என்று நான் அதை உடைத்துச் சொன்னேன்.

"இப்ப இருக்குற ஒடம்போட, இந்த வலி எரிச்சல் எல்லாத்தோட, பத்து வருஷம் இருக்கலாம். இல்லன்னா ஒரு நோவும் இல்லாம அதவிடக் கம்மியா இருக்கலாம். எத்தினி வருஷம் குடுத்தா மாத்திக்குவ?"

"யாருடி குடுக்குறது, உங்க வாத்தியாரா?"

"யாரும் குடுக்கல. சும்மா நெனச்சிக்கோ."

"சும்மான்னா பத்தையும் குடு, நோவையும் எடுத்துக்கோ."

"அப்படி கட்டம் இல்லடி."

"அப்ப எட்டு."

"எட்டுன்னு எழுதிக்கவா?"

"இரு. எந்த எட்டு? என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுற வருஷம் அதுல வருதா, போவுதா?"

கொட்டகையே பேரத்தில் இறங்கிவிட்டது. ஒருத்தி தனக்கு ஏழே போதும் என்றாள். இன்னொருத்தி, மிச்சம் பிடித்த வருஷத்தை மாமியாருக்கு மாற்ற முடியாதபடி ஏதாவது வழியிருக்கிறதா என்று கேட்டாள். நான் புத்தகத்தில் படித்த எதிலும் இப்படி நடக்கவில்லை. கடைசியில் நீ தூக்குச்சட்டியை மூடிவிட்டு எழுந்தாய்.

"இதெல்லாம் வெயில்ல யோசிக்கிற கேள்வி இல்லடி. மழை வரட்டும். உக்காந்து யோசிச்சி சொல்றேன்."

அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்தேன். நீ எழுந்தபோதுதான் உன் ரப்பர் பூட்ஸ் கண்ணில் பட்டது. இரண்டு பூட்ஸையும் கணுக்காலிலிருந்து மேலே வரைக்கும் கத்தியால் கீறி, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தாய். இது என்ன புது ஃபேஷன் என்று கேட்டேன். கால் வீங்கிக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்கிறது, மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பதினைந்தாவது கேள்விக்குப் போனேன். "கடந்த முப்பது நாளில் மருத்துவமனைக்குச் சென்றீர்களா?" இல்லை. டிக்.

உன் ஆரோக்கியத்தின் மதிப்பு என்ன என்று நாற்பத்திரண்டு விதமாகக் கேட்டேன். கையைப் பிடித்து ஒரு தடவை பிரஷர் பார்க்கத் தோன்றவில்லை. பிரஷர் மிஷின் என் ஜன்னலிலிருந்து நாலடி தூரத்தில்தான் எப்போதும் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் பெருமை தாங்காமல் போனில் என் படத்தைக் காட்டினேன். குட்டைக் கம்பி, நெட்டைக் கம்பி. இது உங்கள் நோயின் படம் என்றேன். நீ போனை எட்டத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கீழே மாதங்களின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாய்.

"எங்களுக்கு நோவு வர்ற மாசம் இல்லடி இது. எங்களுக்கு லீவு வுடுற மாசம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். "அது வேறடி. இது டேட்டா" என்றேன்.

வைகாசியில் வேன் வருவது நின்றது. என் கட்டுரையைப் பார்த்துத்தான் மாற்றினோம் என்று மேலதிகாரி பேராசிரியரிடம் பாராட்டிச் சொன்னாராம். இருபது வருஷத்தில் நான் எழுதியதை மேலே இருப்பவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர்கள் வேறெதையாவது கேட்டிருக்கலாம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. நான் புதுச்சேரியில் வகுப்பில் இருந்தேன். அன்று என் முறை, எழுந்து நின்று பேச வேண்டும் என்று போனை அணைத்துப் பையில் போட்டிருந்தேன். நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினால், நிறுத்தத்தில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் என்னைக் கூட்டிப்போக அவர் பஸ் ஸ்டாப்புக்கு வந்ததில்லை. பார்த்ததும் எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

வரப்பில் கூடையோடு விழுந்துவிட்டாய் என்றார். பாண்டிக்குத்தான் கொண்டுபோனார்கள், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். "நீ இருந்த எடத்துலேருந்து கிட்டக்கதான். போன் போட்டேன், ஆஃப்ல இருந்துது" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை, தகவல்தான் சொன்னார். உன் பெண் பிறகு ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பிரஷர், சிறுநீரகம், பல மாதமாக இருந்திருக்கிறது என்று எழுதியிருந்தது. பல மாதம் என்பதை அவள் என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். அவள் கையில் உன் பூட்ஸ் இருந்தது. அதை என்ன செய்வது, தூக்கிப் போடலாமா என்று கேட்டாள். என்னிடம் ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை. அதை நான் வாங்கிக்கொண்டேன்.

இதில்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும், எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் அடிப்படை. சரி, வைத்துப் பார்க்கிறேன். வேன் இருந்திருந்தால் வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் கேட்டில் நின்றிருக்கும். நீ கரையேறி அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவாய். ஏறியிருப்பாயா? மூன்று வருஷத்தில் நீ அதில் ஏறியது இரண்டே தடவை. ஒரு தடவை உள்ளே ஃபேன் இருக்கிறது என்பதற்காக. ஆனால் உன் கூட வந்தவர்கள் ஏறினார்கள். அவர்களில் யாராவது உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த வேன் நர்ஸ் உன் பூட்ஸைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் நான்தான் காரணம் என்று தோன்றுகிறது. மறுநாள், அவ்வளவு பெரிய ஆளா நான், என் பேச்சை என் வீட்டு மிக்ஸி கூடக் கேட்பதில்லையே என்று தோன்றுகிறது. இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை ஓரகத்தி காரணமில்லை.

போன மாதம் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். உன்னுடையது முதலாவது. பதினாலாவது கட்டத்தைக் காலியாக விட்டால் அது மேலே நகர மறுக்கிறது. பேராசிரியரிடம் கொண்டுபோனேன்.

"இத எடுத்துடலாம் மேடம். அவங்க பதில் சொல்லல."

"சொன்னா சார். மழைக்கப்புறம் சொல்றேன்னு சொன்னா."

"அது பதில் இல்லியே மேடம்."

"எங்க ஊர்ல அதான் சார் பதில்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உன் படிவத்தைக் கையில் வாங்கினார். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். கட்டைப் பிரித்துக் காட்டினேன். ஓரங்களில் நான் பென்சிலால் எழுதி, கட்டம் இல்லையே என்று பிறகு அழித்த வார்த்தைகள் வெளிச்சத்தில் லேசாகத் தெரிந்தன. மழைக்கு. உப்பு முடியட்டும். ஐப்பசிக்குக் காட்டணும். தாளுக்குத் தாள் அதேதான்.

"அப்ப நம்ம படம் நோயோட படம் இல்ல மேடம். லீவோட படம்" என்றார். தாளைக் கீழே வைத்துவிட்டு, "நானும்தான் கைதட்டினேன்" என்றார்.

நீ சொன்ன அதே வாக்கியம். கொட்டகையில் நீ சொன்னபோது அது பேச்சு. வகுப்பறையில் அவர் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதற்கு என்னை நீ எவ்வளவு நாள் கிண்டல் செய்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். குறைந்தது எட்டு வருஷம்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். என் கட்டுரை தப்பு, வேனைத் திரும்ப விடுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. தப்பென்று தானே வந்து சொல்பவரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை, அவ்வளவுதான். புதிதாக ஆதாரத்தோடு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "மழை முடியட்டும் மேடம், பாக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்கும். நான் ஏன் சிரித்தேன், கூடவே ஏன் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? புரிய வைக்கலாம் என்றால் முதலில் எனக்குப் புரிய வேண்டும்.

இன்று பத்து மணிக்கெல்லாம் வலி மாத்திரை தீர்ந்துபோனது. வழக்கமாக ஜன்னலைச் சாத்திவிட்டு டீ குடிப்பேன். இன்று நர்ஸம்மாவிடம் பிரஷர் மிஷினை வாங்கிக்கொண்டு குடையோடு வரிசைக்குப் போனேன். கூலிங்கிளாஸ் இல்லை, அடையாள அட்டை இல்லை. உன் கொட்டகைப் பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்து மிஷினை மாட்டினேன். நாற்பத்திரண்டு கேள்வியை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "எப்பலேருந்து?"

ஒருத்தி மாசி என்றாள். ஒருத்தி சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் என்றாள். ஏழு வருஷம் போதும் என்றாளே, அவளுக்கு மிஷின் காட்டியதைப் பார்த்து நானே குடையை விட்டுவிட்டேன். "வேன்ல மாத்திரை குடுத்துட்டிருந்தாங்கக்கா, அது நின்னதுலேருந்து இல்ல" என்றாள். அவளை டாக்டரிடம் வரிசை தாண்டிக் கூட்டிப்போனேன். முன்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும்.

பதிவேட்டில் எல்லாருக்கும் இன்றைய தேதிதான் விழும். அதற்குப் பக்கத்தில் நான் பேனாவால் ஒரு கோடு இழுத்து, புதிதாக ஒரு பத்தி போட்டு, மாசி, சித்திரை, வைகாசி என்று எழுதிக்கொண்டே போனேன். எழுத எழுத, நெட்டையாக நின்ற ஐப்பசிக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கோடைப் பக்கம் போனது. திங்கட்கிழமை இதைத்தான் கொண்டுபோகப் போகிறேன். வேன் வருமா என்று தெரியாது. பேனாவால் எழுதியிருக்கிறேன், அது மட்டும் தெரியும்.

உன் படிவம் என் கைப்பையில் இருக்கிறது. பக்கத்தில், நர்ஸம்மாவிடம் திருப்பிக் கொடுக்காமல் நான் சுட்டுக்கொண்டு வந்த பிரஷர் மிஷின். உன் பெண்ணிடம் வாங்கி வந்த பூட்ஸ் வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. இது யாருடையது என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்கவில்லை. பதினாலாவது கட்டத்தில் நான் எட்டு என்று போடவில்லை. பேராசிரியர் சொன்ன மாதிரி உன்னை எடுக்கவும் இல்லை. மழை வரட்டும், யோசிச்சி சொல்றேன் என்று நீ சொன்னதைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இன்னும் அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. அதுவும் நானும் உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறோம்.

மழை வந்துவிட்டதடி. சொல்.